மாடியறை விமானம்

வாசகர்கள் எழுத்தாளனிடம் எத்தனையோ கேட்பார்கள். கதாநாயகியை ஏன் சாகடித்தீர்கள் என்று கேட்பார்கள். கதாநாயகனுக்குக் கடைசிவரை ஏன் ஓர் உத்தியோகம் வாங்கித் தரவில்லை என்று கேட்பார்கள். இதற்கெல்லாம் எனக்குப் பதில் தெரியும், தெரியாவிட்டாலும் சமாளித்துவிடுவேன். ஆனால் வீரசோழனிலிருந்து ஒரு வாசகர் கேட்ட கேள்வியை மட்டும் சமாளிக்க முடியவில்லை. காரணம், என் பதிலைக் கேட்டுக்கொண்டு அவர் ஐந்து ஏக்கர் நிலத்தை விற்பதாக இருந்தார்.

"அண்ணே, கம்ப்யூட்டரில் ஏரோப்ளேன் ஓட்டுவது படிப்பா, விளையாட்டா? நீங்கள் ஒரு தடவை நேரில் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும்."

இதுதான் அவர் கேள்வி. விமானத்தில் உட்கார்ந்து போவதற்கே பயப்படுகிறவன் நான். ஜன்னலோர இடம் கிடைத்தால் அதைப் பக்கத்தில் இருக்கும் குழந்தைக்கு விட்டுக்கொடுத்துத் தியாகி என்று பெயர் வாங்கிக்கொள்வேன். என்னைப் போய்க் கேட்கிறாரே என்று நினைத்தேன். ஆனாலும் பாயின் பேச்சைத் தட்ட முடியாது. சவுதியில் பதினெட்டு வருஷம் உழைத்தபோது, என் தொடர்கதைகளைப் படித்துவிட்டு மாதம் தவறாமல் கடிதம் எழுதியவர் அவர். ஊர் திரும்பிய பிறகு தகப்பனாரின் ஆட்டு வியாபாரத்தையே மீண்டும் எடுத்துக்கொண்டார். கடிதத்தில் பிறந்த சிநேகம் வளர்ந்து நாளாகிவிட்டது.

அருப்புக்கோட்டையில் பஸ் ஏறி, திருச்சுழியைத் தாண்டினால் இருபுறமும் ஒரே காட்சிதான். வெடித்த கரிசல், வரப்பில் பனை, வரப்பைத் தாண்டிச் சீமைக்கருவேலம். நடுநடுவே கரிமூட்டத்தின் புகை. மானாவாரிப் பூமி. வானம் பார்த்து விதைத்து, வானம் பார்த்து அறுக்கிற சீமை. இங்கே மனிதர்கள் வானத்தை அண்ணாந்து பார்ப்பது புதிதல்ல. விமானத்துக்காகப் பார்ப்பதுதான் புதிது.

வீரசோழன் என்றால் சுற்றுவட்டாரத்தில் சந்தை என்று அர்த்தம். பாயின் வீடு சந்தைத் திடலுக்குச் சற்றுத் தள்ளி, மாடி எடுத்த வீடு. நான் போய் இறங்கியபோது வாசல் திண்ணையில் அவருடைய தாயார் உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் எல்லோருக்கும் அவர் நன்னி.

"வாங்க தம்பி. பேரன் மேலே இருக்கான். மெட்ராஸுக்குப் போயிருக்கான், இப்ப வந்துருவான்" என்றார்.

மேலே இருக்கிறவன் எப்படி மெட்ராஸுக்குப் போவான் என்று நான் விழித்தேன். பாய் சிரித்துக்கொண்டே மாடிப்படியைக் காட்டினார்.

அறையின் ஜன்னலைப் போர்வையால் மூடியிருந்தார்கள். மேஜையில் பெரிய திரை. அதன் முன்னால் பையன். வலக்கையில் ஒரு பிடி, இடக்கையில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்பு, காலடியில் இரண்டு மிதிகள். எல்லாம் துபாயில் வேலை பார்க்கும் அண்ணன் அனுப்பியவை. பையனுக்கு வயது பத்தொன்பது. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணக்கும் படித்தவன். கல்லூரியில் சேர்த்தார்கள், ஒரு வருஷத்தில் விட்டுவிட்டான். விமானியாகத்தான் ஆவேன் என்று ஒரே பிடிவாதம்.

"மாமா, உட்காருங்க. உங்களை நம்ம ஊருக்கு மேலே கூட்டிட்டுப் போறேன்" என்றான்.

மதுரையிலிருந்து கிளம்பினோம். உலகம் முழுவதையும் செயற்கைக்கோள் படங்களிலிருந்து எடுத்துத் தைத்து வைத்திருக்கிறார்கள். மைக்ரோஸாஃப்ட் நிறுவனம் 1982இல் முதன்முதலாக இந்த விளையாட்டை விற்றபோது, திரையில் நாலு கோடுகளும் கொஞ்சம் பச்சையும்தான் இருந்தனவாம். 2020இல் வந்த பதிப்பில் நம் வீட்டுத் தெருவையே தேடிப் பிடித்துவிடலாம். பையன் தெற்கே வந்து, கொஞ்சம் கிழக்கே திரும்பினான். "இதோ நம்ம கண்மாய்" என்றான். திரையில் கண்மாய் நிறையத் தண்ணீர் நீலமாக மின்னியது. நான் போர்வையை விலக்கி ஜன்னல் வழியே பார்த்தேன். வெளியே அதே திசையில் வெயில் கொதித்தது. பஸ்ஸில் வரும்போது அந்தக் கண்மாயில் ஆடுகள் மேய்ந்ததைப் பார்த்திருந்தேன்.

காப்பியோடு மேலே வந்த நன்னி திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அங்கே மழையா?"

"மழை வேணுமா நன்னி? இந்தா" என்று பையன் ஒரு பொத்தானைத் தட்டினான். மேகம் கூடி, விமானத்தின் கண்ணாடியில் சடசடவென்று மழை விழுந்தது.

நன்னி சிறிது நேரம் பேசாமல் பார்த்தார். "அந்தப் பொத்தானைக் கொஞ்சம் வெளியே கொண்டாந்து வைடா, பேராண்டி" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

பிறகு பையன் என்னை ஓட்டச் சொன்னான். மதுரை ஓடுபாதை எதிரே தெரிந்தது. நான் பிடியை இழுத்தேன், தள்ளினேன். பாதை இடப்பக்கம் போயிற்று, வலப்பக்கம் போயிற்று, பின் தலைக்கு மேலே போயிற்று. திரை இருண்டது. நான் செத்துப்போனேன். என் விரல்கள் நிஜமாகவே நடுங்கின. பையன் சிரித்துக்கொண்டே ஒரு விசையைத் தட்டினான். அடுத்த கணம் அதே விமானம், அதே வானம், ஒரு கீறல்கூட இல்லாமல்!

"இதுல நான் அறுநூறு மணி நேரம் ஓட்டியிருக்கேன், மாமா" என்றான். அறுநூறு என்பதைத் திரையே கணக்கு வைத்துக் காட்டியது.

நான் யோசிக்காமல் சொன்னேன்: "பிரமாதமான விளையாட்டு, தம்பி."

விளையாட்டு என்ற சொல் அந்த அறையில் விழுந்ததும் பையனின் முகம் சுருங்கியது. பாய் தலையைக் குனிந்துகொண்டார். விலை கேட்டு வந்திருந்த ஆள் பக்கத்து ஊர்க்காரர். மறுநாள் முன்பணத்தோடு வருவதாகச் சொல்லியிருந்தாராம். விமானப் பள்ளியில் சேர அரைக் கோடியை ஒட்டிச் செலவாகும் என்று விசாரித்து வைத்திருந்தார்கள். நிலம், அண்ணனின் சேமிப்பு, மீதிக்குக் கடன் என்று திட்டம். ஒரே சொல்லில் தீர்ப்புச் சொல்லிவிட்டோமே என்று எனக்கு உறுத்தியது.

அன்றிரவு மொட்டை மாடியில் படுத்தேன். தூக்கம் வரவில்லை. வானத்தில் ஒரு சின்ன விளக்கு மினுக்கிக்கொண்டு தெற்கே போயிற்று. அதில் எத்தனை உயிர்களோ! அவற்றைச் சுமந்து போகிறவரும் என்றோ ஒரு நாள் தரையில் உட்கார்ந்து பொய்யாக ஓட்டிப் பழகியவர்தானே?

இந்தப் பொய் விமானத்தின் பிறப்பே வேடிக்கையானது. அமெரிக்காவில் பிங்ஹாம்டன் என்ற ஊரில் எட்வின் லிங்க் என்று ஓர் இளைஞர். தகப்பனாருக்குப் பியானோவும் ஆர்கனும் செய்யும் தொழிற்சாலை. பையனுக்கோ பறக்கும் பைத்தியம். விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ள ஆகும் செலவைப் பார்த்து மலைத்தார். ஆர்கனுக்குக் காற்று ஊதும் துருத்திகள் கைவசம் இருந்தன. நம் ஆர்மோனியத்தில் இருக்கிறதே, அதே ஜாதித் துருத்திதான். அவற்றை ஒரு மரப்பெட்டிக்கு அடியில் வைத்தார். பெட்டிக்குச் சின்ன இறக்கைகள் வைத்தார். உள்ளே உட்கார்ந்து பிடியை அசைத்தால், துருத்தி ஊதி, பெட்டி சாயும், நிமிரும், திரும்பும். அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அந்தக் காப்புரிமையின் தலைப்பிலேயே, இது விமான மாணவர்களுக்கான பயிற்சிச் சாதனம், கேளிக்கைச் சாதனமும்கூட என்று இரண்டையும் சேர்த்துப் போட்டிருக்கிறது.

முதலில் வாங்கியவர்கள் யார் தெரியுமா? பொருட்காட்சிக்காரர்கள். ராட்டினத்துக்குப் பக்கத்தில் வைத்துக் காசு வாங்கிக்கொண்டு ஆட்டினார்கள். 1934இல்தான் காலம் மாறியது. அமெரிக்க ராணுவ விமானிகள் தபால் சுமக்கும் வேலையை ஏற்றார்கள். பனியிலும் மூடுபனியிலும் ஓட்டத் தெரியாமல் சில வாரங்களில் பலர் மாண்டார்கள். அந்தச் சமயத்தில், மற்றவர்கள் வெளியே தலைகாட்டாத மோசமான வானிலையில் லிங்க் தம் விமானத்தை ஓட்டிக்கொண்டு நியூவர்க் நகரில் வந்து இறங்கினார். காத்திருந்த அதிகாரிகள் வாயடைத்துப்போய் ஆறு பெட்டிகள் வாங்கினார்கள். இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் ஐந்து லட்சம் பேருக்கு மேல் அந்தப் பெட்டியில் உட்கார்ந்து பழகினார்கள்.

பெட்டி அதேதான். பொருட்காட்சியில் அது ராட்டினம். ராணுவத்தில் அது பள்ளிக்கூடம். மாறியது என்ன?

தாம்பரத்தில் விமானப்படைப் பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. விடிந்ததும் அவரைத் தொலைபேசியில் பிடித்தேன். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் வெகுநேரம் பேசினார். அதன் சாரம் இது.

மேகத்துக்குள் போன விமானிக்கு உடம்பு பொய் சொல்லும். காதுக்குள் இருக்கும் சமநிலைக் கருவி ஏமாந்துபோய், விமானம் திரும்பிக்கொண்டிருக்கும்போதே நேராகப் போகிறோம் என்று சத்தியம் செய்யும். உடம்பை நம்பினவன் செத்தான். அங்கே கண்ணாடி முள்களை மட்டும் நம்பவேண்டும். அதைத் தரையில் உட்கார்ந்தே கற்கலாம். ஏனென்றால் உடம்பை மறப்பதுதான் அந்தப் பாடம். ஆனால் வெளிச்சத்தில், ஓடுபாதையில் இறங்கும்போது கதை வேறு. அங்கே உடம்புதான் உதவி. உட்கார்ந்த இடத்தில் உணரும் அழுத்தம், கடைக்கண்ணில் தரை எழும்பி வரும் வேகம், கையிலுள்ள பிடி வேகம் குறையக் குறைய இளகுவது, இவையெல்லாம் சொல்லும் சேதியில்தான் சக்கரம் தரையைத் தொடுகிறது. வீட்டிலுள்ள பிடியில் இருப்பது ஒரு ஸ்பிரிங். அது எந்த வேகத்திலும் ஒரே மாதிரிதான் எதிர்க்கும். அதனால் வீட்டில் மட்டும் பழகி வருகிற பையன்கள் முதல் நாளே முள்களை முறைத்துப் பார்க்கிறார்கள், வெளியே பார்ப்பதில்லை. கால்களோ மிதிகளில் தூங்குகின்றன.

"அப்படியானால் வீட்டில் ஓட்டுவது வீண்தானா?" என்றேன்.

"யார் சொன்னது? வீட்டில் பழகியவனுக்கு எந்தக் கருவி எங்கே இருக்கிறது என்று சொல்லித்தர வேண்டாம். திசை கணக்கிடுவது, கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேசும் முறை, எதற்குப் பின் எதைச் செய்வது என்ற ஒழுங்கு, எல்லாம் சீக்கிரம் பிடிபடும். அது லாபம்தான். ஆனால் நீ அந்தப் பையனிடம் ஒரே ஒரு கேள்வி கேள். விழுந்த பிறகு என்ன செய்கிறான்?"

அவர் சொல்லிச் சில விதிகளும் தெரிந்துகொண்டேன். நம் நாட்டில் வர்த்தக விமானி உரிமம் பெற 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். வீட்டில் ஆடியதில் ஒரு நிமிஷம்கூட அதில் சேராது. அமெரிக்காவில், கருவிகளை மட்டும் நம்பி ஓட்டும் தகுதிக்கு 40 மணி நேரப் பயிற்சி கேட்கிறார்கள். அங்கீகாரம் பெற்ற மேஜைச் சாதனத்தில் பழகியதை, அதன் தரத்துக்கேற்ப 10 அல்லது 20 மணி நேரம் வரை அதில் கழித்துக்கொள்ள அனுமதி உண்டு. அந்தச் சாதனங்கள் சிலவற்றுக்குள் ஓடுவது எக்ஸ்-பிளேன் என்ற நிரல். கடையில் விளையாட்டாக விற்கிறார்களே, அதே நிரல்தான். அங்கீகாரம் பெற்ற கைப்பிடிகளோடு அதைப் பூட்டி, பக்கத்தில் ஓர் ஆசிரியர் உட்கார்ந்தால் அது படிப்பு. வீட்டில் தனியே உட்கார்ந்தால் கணக்கில் வராது. விமானக் கம்பெனிகளிலோ ஆறு கால்களின் மேல் நின்று ஆடும் பெரிய கூண்டுகள் உண்டு. அனுபவமுள்ள விமானி புது ரக விமானத்துக்கு மாறும்போது, முழுக்க அந்தக் கூண்டுக்குள்ளேயே பயின்றுவிட்டு, முதன்முதலாக நிஜ விமானத்தைத் தொடும்போதே பின்னால் பயணிகள் உட்கார்ந்திருப்பார்களாம். பக்கத்தில் பயிற்சித் தலைமை விமானி இருப்பார். இதைக் கேட்ட பிறகு ஜன்னலோர இடத்தின்மேல் எனக்கிருந்த பயம் இன்னும் கொஞ்சம் கூடிவிட்டது என்பது வேறு விஷயம்.

மாடிக்குப் போனேன். பையன் விழித்திருந்தான். முந்திய நாள் கோபம் முகத்தில் இன்னும் இருந்தது.

"தம்பி, விழுந்த பிறகு நீ என்ன செய்வாய்?" என்று கேட்டேன்.

"மறுபடியும் பொத்தானை அமுக்குவேன்."

"ஏன் விழுந்தது என்று?"

அவன் பேசவில்லை.

"இந்த அறுநூறு மணி நேரத்தில் எத்தனை தடவை இறங்கினாய்? அதில் எத்தனை சரி?"

அவனுக்குத் தெரியவில்லை. திரை மணி நேரத்தைத்தான் கணக்கு வைத்திருந்தது. தப்பை யாரும் கணக்கு வைக்கவில்லை. அவன் கண்கள் கலங்கின. "யாருகிட்ட மாமா கேட்கிறது? இந்த ஊர்ல இதைப் பத்தித் தெரிஞ்சவுங்க யாரு இருக்கா?" என்றான்.

அந்தக் கேள்வி என்னைக் குத்தியது. பொத்தானை அமுக்கியது அவன் குற்றம் என்று நினைத்திருந்தேன். அவன் தனிமை எனக்குத் தோன்றவில்லை.

கீழே பாய் சந்தைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நானும் கூடப் போனேன். அன்று சந்தை நாள். வெள்ளாடும் செம்மறியுமாகத் திடல் கொள்ளாமல் நின்றன. பாய் ஒரு கிடாயின் முதுகை விரல்களால் அழுத்தினார்; வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார்; முன்னங்காலுக்கடியில் கைகொடுத்து லேசாகத் தூக்கிப் பார்த்தார். "பதினொண்ணு நிக்கும்" என்றார். உரித்த பிறகு பதினொரு கிலோ கறி இருக்கும் என்று அர்த்தம். பிறகு தரகரும் அவரும் துண்டுக்கடியில் கைகோத்து, விரல்களாலேயே விலை பேசினார்கள்.

"இதெல்லாம் எப்படிக் கற்றீர்கள், பாய்?" என்று கேட்டேன்.

"எட்டு வயசுலேருந்து எங்க அத்தா என்னைக் கூட்டிட்டு வருவாக. வாங்கப்போற ஆடா இருக்காது. சும்மா நிக்கிற ஆடுகளைக் காட்டி, எத்தனை கிலோ, சொல்லுன்னு கேப்பாக. நான் வாய்க்கு வந்ததைச் சொல்லுவேன். எனக்கு அது விளையாட்டு. ஆனா அத்தா விடமாட்டாக. அந்த ஆடு எந்தக் கறிக்கடைக்குப் போச்சுன்னு விசாரிச்சு, உரிச்சப்ப எவ்வளவு நின்னுச்சுன்னு கேட்டு வந்து சொல்லுவாக. நான் பன்னிரண்டுன்னு சொல்லியிருப்பேன், எட்டரைதான் நின்னிருக்கும். தலையில ஒரு கொட்டு! அந்தக் கொட்டுலதான் அண்ணே, தொழில் வந்துச்சு."

"சொந்தப் பணத்தில் முதல் ஆடு வாங்கினபோது?"

பாய் சிரித்தார். "துண்டுக்கடியில எங்கை நடுங்குன நடுக்கத்துலேயே தரகருக்குப் புரிஞ்சுபோச்சு, புதுப் பயன்னு. முந்நூறு ரூபா நட்டம். அதுக்கு முந்தி ஆயிரம் ஆடு எடை சொல்லியிருக்கேன். என்ன பிரயோசனம்? கை நடுங்குறதை மட்டும் அத்தா சொல்லித்தரலை. சொல்லித்தரவும் முடியாது."

சொல்லிவிட்டு அவரே நின்றுவிட்டார். என்னைப் பார்த்தார். தாம் கேட்ட கேள்விக்குத் தாமே பதில் சொல்லிவிட்டது அவருக்குத் தெரிந்துபோயிற்று.

அந்த நடுக்கத்தைப் பற்றி உலகமே ஒரு தடவை விசாரணை நடத்தியிருக்கிறது. 2009 ஜனவரி 15ஆம் தேதி, நியூயார்க்கில் கிளம்பிய விமானத்தின் இரண்டு எஞ்சின்களும் பறவைகள் மோதிப் பழுதாயின. தலைமை விமானி சல்லன்பர்கர் அதை ஹட்ஸன் ஆற்றில் இறக்கினார். 155 பேரும் பிழைத்தார்கள். பின்னால் விசாரணையில், அதே நிலைமையைக் கூண்டுக்குள் உண்டாக்கிப் பார்த்தார்கள். பறவை மோதிய உடனே திரும்பினால் விமான நிலையத்துக்கே சில தடவை வந்து சேர முடிந்தது. ஆனால் என்ன நடந்தது என்று புரிந்து, முடிவெடுக்க மனிதனுக்கு ஆகும் நேரம் என்று 35 விநாடியைச் சேர்த்து ஓட்டிப் பார்த்தபோது முடியவில்லை. அந்த 35 விநாடி திகைப்பு கூண்டுக்குள் இருந்தவர்களுக்கு இல்லை. பறவை வரப்போகிறது என்று அவர்களுக்கு முன்பே தெரியும்.

இன்னொரு சம்பவமும் நினைவுக்கு வருகிறது. 2018 ஆகஸ்டில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில், விமான நிலையத் தரைப்பணி ஊழியர் ஒருவர், நின்றிருந்த காலி விமானத்தைத் தனியே எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டார். உரிமம் இல்லாதவர். எப்படி ஓட்டுகிறீர்கள் என்றதற்கு, கம்ப்யூட்டர் விளையாட்டுகள் ஆடியிருக்கிறேன் என்ற பொருளில் கோபுரத்துக்குப் பதில் சொன்னார். ஒரு மணி நேரத்துக்கு மேல் பறந்தார், குட்டிக்கரணம்கூடப் போட்டார். கடைசியில் ஒரு தீவில் விழுந்து இறந்தார். இறங்கும் எண்ணம் அவருக்கு இருந்ததாகவே தெரியவில்லை. பாவம், மனத்தில் என்ன துயரமோ. ஆட்டம் ஒன்றுமே கற்றுத்தராது என்று சொல்கிறவர்களுக்கு அந்த ஒரு மணி நேரம் பதில். ஆட்டமே போதும் என்று சொல்கிறவர்களுக்கு அந்தத் தீவு பதில்.

வீடு திரும்பியதும் மூவரும் திண்ணையில் உட்கார்ந்தோம். நான் சொன்னேன்: "தம்பி, உன் மேஜையில் இருப்பதை விளையாட்டு என்று நேற்றுச் சொன்னது அவசரம். படிப்பு என்று இன்று சொன்னாலும் அவசரம். அத்தாவைக் கேள், அவருக்கு இது தெரியும்."

பாய் மகனைப் பார்த்தார். "டேய், இன்னியிலேருந்து ஒரு நோட்டுப் போடு. ஒவ்வொரு தடவை இறங்குறதையும் எழுது. விழுந்தா ஏன் விழுந்துச்சுன்னு எழுது. ராத்திரி கடையடைச்சு வந்து நான் படிப்பேன். எனக்கு ஏரோப்ளேன் தெரியாது. ஆனா நீ மழுப்புனா எனக்குத் தெரியும்."

நிலம் என்ன ஆவது என்று பேச்சு வந்தது. விற்பதற்கு முன்னால் செய்யக்கூடிய காரியங்கள் இருந்தன. மருத்துவப் பரிசோதனை இரண்டு கட்டம்: முதலில் இரண்டாம் வகுப்பு, பிறகு முதல் வகுப்பு. கண்ணோ காதோ இதயமோ தவறினால், பள்ளிக்குக் கட்டிய பணம் போனதுதான். அது ஒன்று. எழுத்துத் தேர்வுகள் உண்டு: வழி காணும் கலை, வானிலை, விமான விதிகள், இயந்திர நுட்பம். இவற்றை வீரசோழனில் இருந்தே படிக்கலாம். அது இரண்டு. நிஜ விமானத்தில் ஆசிரியர் பக்கத்தில் அரை மணி நேரமாவது உட்கார்ந்து வருவது மூன்று. இந்த மூன்றுக்கும் ஆகும் செலவுக்கு இரண்டு மூன்று கிடாய்களை விற்றால் போதும். ஐந்து ஏக்கர் தேவையில்லை.

"எல்லாத்துலயும் தேறி, அப்புறமும் வேலை கிடைக்கலைன்னா?" என்று நன்னி உள்ளேயிருந்து கேட்டார். எங்கள் பேச்சு முழுவதையும் அவர் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

அதற்கு என்னிடம் உத்தரவாதம் இல்லை. பக்கத்து ராமேஸ்வரத்துப் பிள்ளை ஒருவரைத்தான் நினைவூட்டினேன். 1985க்கு முன்னால் திருச்சுழியும் ராமேஸ்வரமும் ஒரே ராமநாதபுரம் ஜில்லாதானே. அப்துல் கலாம் விமானப்படை விமானியாக ஆசைப்பட்டு டேராடூனுக்குப் போனார். 25 பேரில் ஒன்பதாவதாக வந்தார். எடுத்தது எட்டுப் பேரை. அந்தக் கதவு அவருக்குச் சாத்தியே போயிற்று. 2006 ஜூன் 8ஆம் தேதி, குடியரசுத் தலைவராக, 74ஆம் வயதில், புனேயில் சுகோய் போர் விமானத்தில் ஏறிப் பறந்தார். ஓர் இடத்தில் தவறினவன் எல்லாவற்றிலும் தவறினவன் அல்ல. ஆனால் அவர் தவறியபோது கையில் ஒரு பட்டப்படிப்பு இருந்தது. பையன் பாதியில் விட்ட கல்லூரியைப் பற்றியும் அப்போதுதான் பேச முடிந்தது. அவன் எதிர்த்துப் பேசவில்லை. முன்பணத்தோடு வந்த ஆளைப் பாய் காப்பி கொடுத்துத் திருப்பி அனுப்பினார்.

ஆறு மாதம் கழித்துப் பாயிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. பையன் தபால்வழியில் பட்டப்படிப்பில் சேர்ந்துவிட்டானாம். இரண்டாம் வகுப்பு மருத்துவப் பரிசோதனையில் தேறிவிட்டான். முதல் வகுப்புக்குத் தேதி வாங்க வேண்டும். நோட்டுப் புத்தகம் இரண்டாவது ஓடுகிறது. "முதல் நோட்டில் நாற்பதுக்கு இருபத்தொன்பது 'விழுந்தது' என்று எழுதியிருக்கிறான், அண்ணே. அறுநூறு மணி நேரம் ஓட்டினவன்! எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் எழுதவில்லை பாருங்கள்" என்று எழுதியிருந்தார்.

அதே உறையில் பையனும் ஒரு தாள் வைத்திருந்தான். ஒரு பயிற்சிக் கழகத்தில் ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து முதன்முதலாகப் பறந்துவிட்டு வந்திருந்தான்.

"மாமா, உள்ளே எல்லாக் கருவியும் எனக்குத் தெரிந்தது. ஆசிரியர் ஆச்சரியப்பட்டார். ஆனால் ஐந்து நிமிஷத்தில், 'முள்ளைப் பார்க்காதே, வெளியே பார்' என்று நாலு தடவை அதட்டினார். வெளியே பார்த்தேன். தரை ரொம்பத் தூரத்தில் இருந்தது. பொத்தான் இல்லை என்று நினைத்ததும் கை நடுங்கியது. இறங்கி வந்த பிறகு அத்தாவிடம் சொன்னேன். 'முந்நூறு ரூபாய் நட்டம் இல்லாமல் நடுங்கிவிட்டாயே, கெட்டிக்காரன்' என்றார்."

தாளின் அடியில் நன்னி சொல்லச் சொல்ல எழுதிய ஒரு வரியும் இருந்தது: இந்த வருஷம் நல்ல மழை, ஐந்து ஏக்கரிலும் மல்லி விதைத்திருக்கிறது, தம்பி அறுப்புக்கு வரவேண்டும்.